மருத்துவப் பங்குக் கட்டணம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டறிவது எப்படி?

ஹங்கேரி நாட்டில் 2008 மார்ச் 9 அன்று ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. குடும்ப மருத்துவரையோ பல் மருத்துவரையோ புறநோயாளிப் பிரிவில் சிறப்பு மருத்துவரையோ பார்ப்பதற்கு இனிக் கட்டணம் செலுத்தத் தேவையில்லை என்பதை ஏற்கிறீர்களா என்ற கேள்விக்கு, வாக்களித்தவர்களில் 82 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ‘ஆம்’ என்றனர். மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்கான கட்டணத்தை நீக்கும் கேள்விக்கு ‘ஆம்’ என்றவர்கள் 84 விழுக்காட்டினர். இரண்டு கட்டணங்களும் 300 ஃபோரின்ட்தான். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்றேகால் யூரோ. 2007 பிப்ரவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த அவை, ஓராண்டைச் சற்றே கடந்து, 2008 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டன.

இவ்வளவு கடுமையாகத் தீர்ப்பளித்த அதே மக்கள், பிரசவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் மருத்துவரிடம் உறையில் வைத்துப் பணம் தருவதைப் பல பத்தாண்டுகளாகப் பழகியிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ‘ஹாலாபேன்ஸ்’, அதாவது நன்றிப்பணம், என்பது அதற்குப் பெயர். 2021இல் அதைச் சட்டம் குற்றமாக்கும் வரை அது பாதி வெளிப்படையாகவே நடந்துவந்தது. உறைக்குள் சென்ற தொகை 300 ஃபோரின்ட்டைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே அந்த 82 விழுக்காடு எதைச் சொல்கிறது என்பது பார்த்தவுடன் விளங்குவதில்லை. பணம் தரவே மனமில்லை என்று சொல்கிறதா, அந்த அரசுக்குத் தர மனமில்லை என்று சொல்கிறதா, அல்லது பணத்துக்கு ஈடாக எதுவும் மாறவில்லை என்று சொல்கிறதா? ஒரு கட்டணத்துக்கு வாக்குச்சீட்டில் இருந்தது ஒரே கேள்வி என்பதால் மூன்று விடைகளும் ஒரே கட்டத்துக்குள் போய் விழுந்தன.

பொது மருத்துவச் சேவையில் நோயாளியிடம் கட்டணத்தின் ஒரு பகுதியைப் பெறலாமா என்று மக்களிடம் கேட்க விரும்பும் சமூகப்பணி மாணவர்கள், பொதுச் சுகாதாரம் பயில்வோர், செய்தியாளர்கள், நோயாளிகள் நலனுக்காக இயங்கும் சிறு அமைப்புகள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அரசோ பொதுக் காப்பீடோ செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் நோயாளி தன் கையிலிருந்து தரும் சிறு தொகையையே ‘பங்குக் கட்டணம்’ என்று குறிக்கிறேன். காப்பீட்டு முகவர்கள் ‘கோ-பே’ என்பது இதைத்தான். கட்டணம் நல்லதா கெட்டதா என்று வாதிடுவது இங்கு நோக்கமன்று, ஆனாலும் என் சார்பு சில இடங்களில் தெரியத்தான் செய்யும்.

எந்தக் கட்டணத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

வினாத்தாளில் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே இதை முடிவுசெய்துவிட வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் தரும் நிலையான தொகை, மருந்து விலையில் ஒரு விழுக்காடு, மருத்துவமனையில் தங்கும் நாளுக்கு இவ்வளவு, ஆண்டின் முதல் குறிப்பிட்ட தொகை வரை முழுவதும் நோயாளியே ஏற்பது எனப் பங்குக் கட்டணத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. இவற்றை மக்கள் ஒன்றாகக் கருதுவதில்லை.

ஜெர்மனி இதற்கு நல்ல சான்று. அங்கே 2004 சனவரி 1 முதல், ஒவ்வொரு காலாண்டிலும் முதல்முறை மருத்துவரிடம் செல்லும்போது 10 யூரோ செலுத்த வேண்டும் என்ற விதி இருந்தது. நோயாளிகளும் அதை வெறுத்தார்கள், வரவேற்பு மேசையில் பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுத வேண்டியிருந்த மருத்துவர்களும் வெறுத்தார்கள். 2012 நவம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக அதை நீக்க வாக்களித்தது. 2013 சனவரி 1 முதல் அது இல்லை. ஆனால் மருந்துக் கடையில் மருந்து விலையின் 10 விழுக்காட்டை, குறைந்தது 5 யூரோ, அதிகம் போனால் 10 யூரோ என்ற வரம்புக்குள், நோயாளி தருவது தொடர்ந்தது. மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் ஆண்டுக்கு 28 நாள் வரை தருவதும் தொடர்ந்தது. நாடாளுமன்றமே ஒன்றுதிரண்டு நீக்கும் அளவுக்கு அவற்றின்மீது வெறுப்பு திரளவில்லை. கடையில் பொருளுக்குக் காசு கொடுப்பது பழகிய செயல். மருத்துவர் அறையின் வாசலில் காசு கொடுப்பது நுழைவுச்சீட்டு வாங்குவது போலப் பட்டிருக்கலாம் என்பது என் கணிப்பு. அந்த ஆண்டில் நோய்க் காப்பீட்டு நிதியங்களின் கையில் உபரி இருந்ததும் நீக்கத்தை எளிதாக்கியது. எப்படியிருந்தாலும், அன்று ஜெர்மனியில் ‘பங்குக் கட்டணத்தை ஏற்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால், விடை எந்தக் கட்டணத்தைப் பற்றியது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வடிவத்துடன் வரம்பையும் விலக்கையும் சேர்த்தே எழுதுங்கள். ஜெர்மனியில் இத்தகைய கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்து குடும்ப ஆண்டு வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நாள்பட்ட நோயாளிகளுக்கு அந்த வரம்பு 1 விழுக்காடு. ‘10 யூரோ’ என்று மட்டும் கேட்டவரும், ‘10 யூரோ, ஆனால் ஆண்டு வருமானத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகாது’ என்று கேட்டவரும் ஒரே கேள்விக்கு விடையளிப்பவர்கள் அல்லர்.

இப்போது என்ன நடைமுறை என்பதும் விடையை இழுக்கும். மலேசியாவில் அரசு மருத்துவ நிலையங்களில் குடிமக்கள் பொது மருத்துவரைப் பார்க்க ஒரு ரிங்கிட்டும், சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து ரிங்கிட்டும் செலுத்துவது நெடுங்கால வழக்கம். அங்குள்ள தமிழர் பேச்சில் அது ‘ஒரு வெள்ளி’. அதைக் கட்டணம் என்று எண்ணுவோரே குறைவு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஆலோசனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை என்பதே மக்கள் அறிந்த நிலை. ஒன்றை ஐந்தாக உயர்த்துவது பற்றிய கருத்தும், சுழியத்தை ஒன்றாக்குவது பற்றிய கருத்தும் வெவ்வேறு வகையின. இரண்டு நாட்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பெரும்பாலும் பயன் தராது.

சொல் தேர்வு

‘பங்குக் கட்டணம்’ என்பது இந்தக் கட்டுரைக்குப் போதுமான சொல். வீட்டு வாசலில் நின்று கேட்பதற்கு அது உதவாது. முன்னோட்டமாக நான் கேட்டுப்பார்த்தபோது ஒரு பெரியவர், “பங்கெல்லாம் என் பையன்தான் வாங்கிப் போட்டிருக்கான், எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க” என்று பங்குச் சந்தைக்குப் போய்விட்டார். அதன்பின் ‘ஓ.பி. சீட்டு வாங்கும்போது நீங்கள் தர வேண்டிய பணம்’ என்று மாற்றிக்கொண்டேன். எந்த இடத்தில், எந்தச் செயலின்போது, யார் கையில் பணம் போகிறது என்று சொல்லும் தொடரே நல்ல தொடர்.

கட்சி சார்ந்த சொற்களை அறவே தவிர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2014 மே மாத நிதிநிலை அறிக்கையில் குடும்ப மருத்துவரைப் பார்க்க 7 டாலர் என்று முன்மொழியப்பட்டபோது, எதிர்க்கட்சி அதை ‘வரி’ என்றே அழைத்தது. நிதியமைச்சர் ஜோ ஹாக்கியோ சிகரெட் பெட்டியின் விலையையும் பீரின் விலையையும் எடுத்துக்காட்டி, அதோடு ஒப்பிட்டால் 7 டாலர் பெரிதன்று என்றார். அந்த ஒப்பீடு கேட்டவர்களை ஆத்திரப்படுத்தியதே தவிர இணங்கவைக்கவில்லை. ‘ஒரு தேநீர் விலைதான்’ என்று வினாத்தாளில் எழுதுவதும் இதே தவறு: ‘முடியாது’ என்று சொல்ல நினைப்பவருக்கு, தாம் தேநீருக்குச் செலவழிப்பவர் என்ற குற்றவுணர்வை ஊட்டிவிட்டுத்தான் விடை கேட்கிறோம்.

ஒரு கேள்விக்குள் இருக்கும் பல கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பங்குக் கட்டணத்தை ஒருவர் ஏற்பதோ மறுப்பதோ, அது எதற்காக, எவ்வளவு, யாருக்கு விலக்கு, பணம் யார் கைக்குப் போகிறது என்ற நான்கையும் பொறுத்தது. நான்கையும் தனித்தனியே கேட்காமல் மொத்தமாக ஓர் ‘ஆம்/இல்லை’ வாங்கினால் கிடைப்பது கருத்து அன்று, மனநிலை.

நோக்கத்திலிருந்து தொடங்கலாம். அரசுகள் பொதுவாக இரண்டு காரணங்களைச் சொல்கின்றன: தேவையற்ற வருகைகள் குறையும் என்பது ஒன்று, வருவாய் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று இடிப்பவை என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை; வருகை உண்மையாகவே குறைந்தால் வருவாயும் குறையும். ஆஸ்திரேலியத் திட்டத்தில் முரண் இன்னும் வெளிப்படையாக இருந்தது. மருத்துவக் காப்பீட்டுச் செலவு தாங்க முடியாத அளவுக்கு வளர்கிறது என்று காரணம் சொன்ன அரசு, 7 டாலரில் 2 டாலரை மருத்துவருக்கு விட்டுவிட்டு, மீதி 5 டாலரை மருத்துவ ஆராய்ச்சிக்கான எதிர்கால நிதி ஒன்றுக்குத் திருப்ப முனைந்தது. ஆராய்ச்சியை மதித்தவர்கள்கூட, வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிப் பணம் கேட்டவர் அதை வேறெங்கோ போட்டது போல உணர்ந்தார்கள். அத்திட்டம் அதே ஆண்டு டிசம்பரில் திருத்தப்பட்டு, 2015 மார்ச்சில் முழுவதுமாகக் கைவிடப்பட்டது. ஆகவே ‘இக்கட்டணம் எதற்காக என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?’ என்பதைத் திறந்த கேள்வியாக முதலில் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். நோக்கத்தை நீங்களே சொல்லிக்கொடுப்பது அதற்குப் பின்புதான்.

சொல்லிக்கொடுக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘கட்டணம் வைத்தால் தேவையற்ற வருகைகள் குறையும்’ என்பதை உண்மைச் செய்தி போல முன்னுரையில் எழுதுவோர் பலர். அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் 1982 வரை நடத்திய புகழ்பெற்ற சோதனையில், குடும்பங்கள் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் வைக்கப்பட்டன. சிலருக்கு மருத்துவம் முழுவதும் இலவசம். மற்றவர்கள் ஓர் ஆண்டு உச்சவரம்பு வரை செலவில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டைத் தாமே ஏற்றார்கள். பணம் தர வேண்டியவர்கள் மருத்துவச் சேவையைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் பயனற்ற சேவையைக் குறைத்த அளவுக்குப் பயனுள்ள சேவையையும் குறைத்தார்கள். வறுமையில் இருந்த உயர் இரத்த அழுத்த நோயாளிகளிடம் இலவச மருத்துவம் தெளிவான நன்மை தந்தது. எனவே ‘தேவையற்ற’ என்ற அடைமொழியை வினாத்தாளிலிருந்து நீக்கிவிட்டு, ‘மக்கள் மருத்துவமனைக்கு வருவது குறையலாம்’ என்று எழுதுவதே நேர்மை.

தொகையைக் கேட்பது மிகவும் வழுக்கும் இடம். ‘20 ரூபாய் தருவீர்களா? 30? 50?’ என்று படிப்படியாக ஏற்றினால், தொடங்கிய எண்ணைச் சுற்றியே விடைகள் நிற்கும். 100இல் தொடங்கி இறக்கினால் அதே மக்கள் அதிகத் தொகையைச் சொல்வார்கள். வினாத்தாளை இரண்டு அல்லது மூன்று பதிப்புகளாக அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தொகையை மட்டும் வைத்து, யாருக்கு எந்தப் பதிப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்வதே இதற்குத் தீர்வு. ஒருவரிடம் ஒரே தொகை, ஒரே விடை. பதிப்புகளுக்கிடையே ஏற்பு எப்படிக் குறைகிறது என்பதைப் பின்னர் ஒப்பிடலாம்.

தருவதற்கு இணங்குவது வேறு, தர முடிவது வேறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நகையை அடகு வைத்தாவது பணம் கட்டும் குடும்பம், ‘தருவீர்களா?’ என்ற கேள்விக்குத் தயங்காமல் ‘தருவோம்’ என்று சொல்லும். அதை ஆதரவு என்று எண்ணிவிட்டால் நம் கணக்கு மிகக் கொடியதாகிவிடும். ஆகவே ‘தருவோம்’ என்றவரிடம், ‘மாதம் இருமுறை அப்படித் தர வேண்டி வந்தால் வீட்டில் எந்தச் செலவைக் குறைப்பீர்கள்?’ என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். ‘எதையும் குறைக்க வேண்டியதில்லை’ என்பவரையும், ‘பால் வாங்குவதை நிறுத்துவோம்’ என்பவரையும் ஒரே வரிசையில் சேர்க்காதீர்கள். அதனுடன், ‘கடந்த 12 மாதங்களில் பணம் இல்லாததால் மருத்துவரைப் பார்க்காமல் விட்டது உண்டா?’ என்பதும் கட்டாயம் இடம்பெற வேண்டும். எதிர்காலம் பற்றிய ஊகத்தைவிட நடந்தது பற்றிய நினைவு நம்பத்தக்கது. பேருந்துச் செலவும் இழந்த நாள் கூலியும் இந்தக் கேள்வியில் அடங்குமா என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து களப்பணியாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். கூலி வேலைக்குச் செல்பவருக்கு 20 ரூபாய்ச் சீட்டைவிட வரிசையில் போகும் அரை நாளே பெரிய கட்டணம்.

விலக்கு பற்றிய கேள்வி எளிது போலத் தோன்றும். முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள், நாள்பட்ட நோயாளிகள் என்று பட்டியலைப் படித்தால் எல்லாரும் எல்லாருக்கும் விலக்கு என்பார்கள், ஏனெனில் மறுப்பதற்கு மனம் வராது. இரண்டு பிரிவினருக்கு மட்டுமே விலக்கு தர முடியும் என்று சொல்லித் தேர்ந்தெடுக்கச் சொல்வது பயனுள்ள உத்தி.

நான்காவது, நம்பிக்கை. ஹங்கேரிக்குத் திரும்புவோம். பிரதமர் ஃபெரென்ட்ஸ் ஜுர்ச்சானி 2006 மே மாதத்தில் தம் கட்சியினரிடம் மூடிய அறையில் ஆற்றிய உரையில், தேர்தலுக்கு முன் மக்களிடம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டிருந்தார்; செப்டம்பரில் அந்த ஒலிப்பதிவு வெளியானதும் புடாபெஸ்ட் தெருக்களில் கலவரம் வெடித்தது. ஐந்து மாதம் கழித்து அதே அரசு 300 ஃபோரின்ட் கட்டணத்தைக் கொண்டுவந்தது. பொதுவாக்கெடுப்பை முன்னெடுத்தது எதிர்க்கட்சியான ஃபிடெஸ். அன்றைய வாக்குச்சீட்டில் மூன்றாவதாக இருந்த, பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிய கேள்விக்கும் அதே 82 விழுக்காடுதான் விழுந்தது. மருத்துவமும் கல்வியும் வெவ்வேறு துறைகள் என்றிருக்க, விடை மட்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதென்றால், வாக்காளர்கள் கேள்வியைவிடக் கேட்டவரைப் பார்த்தே விடையளித்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. உங்கள் கருத்துக்கணிப்பில் இதைப் பிரித்தெடுக்க ஒரு வழி: ஒரு பாதிப் பேரிடம் ‘இந்தப் பணம் மாநில அரசின் கருவூலத்துக்குச் செல்லும்’ என்றும், மறு பாதியிடம் ‘இந்தப் பணம் இதே மருத்துவமனையில் மருந்து வாங்கப் பயன்படும், கணக்கு வாசலில் ஒட்டப்படும்’ என்றும் சொல்லி, மற்ற அனைத்தையும் ஒன்றாகவே வைத்துக் கேளுங்கள். இரண்டு பாதிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடே நம்பிக்கையின் எடை.

‘கட்டணம் வேண்டாம்’ என்போரிடம், அந்தப் பணம் வேறு எங்கிருந்து வர வேண்டும் என்றும் கேட்கலாம். வரி, காப்பீட்டுச் சந்தா, வேறு துறைகளின் செலவைக் குறைப்பது என்ற தெரிவுகளுடன் ‘இவற்றில் எதுவுமில்லை’ என்பதையும் தவறாமல் வையுங்கள். அந்த நான்காவது தெரிவு இல்லாத வினாத்தாள்கள் மக்களை மூலையில் தள்ளி வாங்கிய ஒப்புதல்கள்.

யாரிடம் கேட்பது

மருத்துவமனை வாசலில் நின்று கேட்காதீர்கள். கட்டணம் உள்ள ஊரில், அதைத் தர முடியாமல் வீட்டிலேயே இருப்பவர்கள் அந்த வாசலுக்கு வருவதில்லை. வந்தவர்களை மட்டும் கேட்டால் கட்டணம் யாரையும் தடுக்கவில்லை என்ற முடிவே எப்போதும் கிடைக்கும். வீடு வீடாகச் செல்வதே சரி. காலை பதினொரு மணிக்குச் சென்றால் கூலி வேலைக்குப் போனவர்கள் விடுபடுவார்கள் என்பதால், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டில் யாரிடம் கேட்பது என்பதும் சிறிய விஷயமன்று. செலவை முடிவுசெய்பவர் ஒருவர், மருத்துவமனை வரிசையில் நிற்பவர் இன்னொருவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்லும் தாயின் கருத்தும் பணத்தை எடுத்துத் தரும் தந்தையின் கருத்தும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள வயதுவந்தோரில் ஒருவரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இயன்றவரை தனியாகக் கேளுங்கள். மாமியாரும் கணவரும் உடனிருக்கும்போது மருமகள் சொல்லும் விடை பெரும்பாலும் வீட்டின் விடையே.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: முறையான குலுக்கல் மாதிரியில் 400 பேரைக் கேட்டால் பிழை வரம்பு, அதாவது கிடைத்த விழுக்காட்டிலிருந்து உண்மை நிலை மேலோ கீழோ விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ ±5 புள்ளிகள், 1,000 பேர் என்றால் ±3. ஆனால் 400 பேரில் பத்தில் ஒருவர், அதாவது 40 பேர்தான், நாள்பட்ட நோயாளி என்றால், அவர்களைப் பற்றி மட்டும் தனியே சொல்லும்போது அந்த வரம்பு ±15ஐத் தாண்டிவிடும். கட்டணத்தின் சுமை பெரும்பாலும் அந்த 40 பேர் மேல்தான் விழும் என்பதால், அவர்களை வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு, மொத்தக் கணக்கில் எடையைக் குறைத்துச் சரிசெய்வது நல்லது. ஒரே தெருவில் இருபது வீடுகளைக் கேட்டால் அவை இருபது தனித்தனிக் கருத்துகள் ஆகா என்பதையும் மறக்க வேண்டாம்.

கைக்காசு பற்றிக் கேட்பது

நன்றிப்பணம் போல, கட்டணத்துக்கு வெளியே தனியாகக் கொடுக்கும் கைக்காசு ஹங்கேரிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சக்கர நாற்காலி தள்ளுபவருக்கும் பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து காட்டுபவருக்கும் ‘ஏதாவது’ கொடுப்பது நம் ஊர்களில் யாருக்கும் புதிய செய்தியன்று. சட்டப்படியான கட்டணத்தை ஒருவர் வரவேற்கிறார் என்றால், அது கைக்காசை ஒழித்துவிடும் என்ற எதிர்பார்ப்பில்கூட இருக்கலாம். எதிர்க்கிறார் என்றால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும் என்ற அச்சத்தில் இருக்கலாம். ஆகவே இதைக் கேட்காமல் விட முடியாது. ஆனால் நேராகக் கேட்டால் கொடுத்தவரும் மறுப்பார்.

இதற்கு ‘பட்டியல் முறை’ உதவும். விடையளிப்போரைக் குலுக்கலில் இரண்டாகப் பிரியுங்கள். முதல் குழுவிடம் நான்கு எளிய செயல்களைப் படித்துக்காட்டி, இவற்றில் எத்தனை செய்திருக்கிறீர்கள், எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள் என்று கேளுங்கள்: மருந்தை வெளிக்கடையில் வாங்கியது, இரவில் மருத்துவமனைக்குச் சென்றது, ஆட்டோவில் சென்றது, இரத்தப் பரிசோதனை செய்துகொண்டது. இரண்டாம் குழுவுக்கு அதே நான்குடன், ‘ஊழியருக்குத் தனியாகப் பணம் கொடுத்தது’ என்ற ஐந்தாவதைச் சேருங்கள். முதல் குழுவின் சராசரி 1.8 என்றும் இரண்டாவதன் சராசரி 2.2 என்றும் வந்தால், இடையிலுள்ள 0.4 என்பது ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்படும். எந்த ஒருவர் கொடுத்தார் என்பது கேட்பவருக்கும் தெரியாது. குறை ஒன்று உண்டு: இம்முறைக்குப் பெரிய மாதிரி தேவை, நூறு பேரை வைத்துச் செய்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

களப்பணியாளர்கள் மருத்துவமனை ஊழியர்களாகவோ, அடையாள அட்டையில் அரசு முத்திரை தாங்கியவர்களாகவோ இருக்கக் கூடாது. இந்தக் கணிப்பினால் யாருடைய மாத்திரையும் உதவித்தொகையும் நின்றுவிடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி இசைவு பெறுங்கள்; முதியவர்களிடம் இதை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருக்கும்.

கிடைத்ததைப் படிப்பதும் எழுதுவதும்

தேர்தல் முடிவைக் கட்டணத்தின் மீதான தீர்ப்பாகப் படிக்கும் ஆசையை அடக்க வேண்டும். செக் குடியரசில் 2008 சனவரி முதல் மருத்துவரைப் பார்க்க 30 கொருனா என்ற கட்டணம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த வட்டாரத் தேர்தல்களில் எதிர்க்கட்சியான சமூக சனநாயகக் கட்சி 13 வட்டாரங்களிலும் முதலிடம் பெற்றது; கட்டண எதிர்ப்பே அதன் பரப்புரையின் மையம். அடுத்த ஆண்டு முதல் அந்த வட்டார அரசுகள் தம் மருத்துவமனைகளில் நோயாளிக்குப் பதிலாகத் தாமே அக்கட்டணத்தைச் செலுத்தின. இதை மட்டும் பார்ப்பவர் கட்டணம் ஓராண்டில் மடிந்தது என்று எண்ணுவார். ஆனால் நாடு முழுவதும் அது 2014 இறுதி வரை நீடித்தது. அவசரப் பிரிவுக்கான 90 கொருனா கட்டணம் அதற்குப் பிறகும் இருந்தது. வாக்குப்பெட்டியில் காட்டிய கோபமும் அன்றாட வாழ்வில் காட்டும் பொறுமையும் ஒரே அளவில் இருப்பதில்லை. இயன்றால், கட்டணம் வருவதற்கு முன்பும், வந்து ஆறு மாதம் கழித்தும், ஒரே சொற்களில் இருமுறை கேளுங்கள்.

அறிக்கையில் கேள்வியின் முழு வாசகத்தையும், கேட்ட தேதிகளையும், மறுத்தவர்களின் எண்ணிக்கையையும் தர வேண்டும். ‘தெரியாது’ என்றவர்களைக் கணக்கிலிருந்து நீக்கி விழுக்காடு காட்டாதீர்கள். கட்டணம் எப்படி இருக்கும் என்றே புரியாத நிலையில் ‘தெரியாது’ என்பது பொறுப்பான விடை. அதைவிட முக்கியமாக, ஆதரித்தவர்களை இரண்டாகப் பிரித்துக் காட்டுங்கள்: கட்டணம் வந்தால் தாமே செலுத்த வேண்டியவர்கள் ஒருபுறம், வயதாலோ வருமானத்தாலோ விலக்குப் பெறுபவர்களும், அரசு மருத்துவமனைப் பக்கமே போகாமல் தனியாரிடம் செல்பவர்களும் மறுபுறம். தலைப்பில் 55 விழுக்காடு ஆதரவு என்று வரும் ஒரு கணிப்பில், அந்த ஆதரவின் பெரும்பகுதி இரண்டாவது பக்கத்திலிருந்து வந்ததாக இருந்தால், செய்தியின் முதல் பத்தியில் அதைச் சொல்ல வேண்டும், பின்னிணைப்பு அட்டவணையில் அன்று.